ப்ளுசார் வாசம்

மோந்த்ரோல்,
8 மார்ச் 1959

அன்புள்ள தம்பி தெசிரேவுக்கு,

நான் இங்கே சுகம். நீ எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடுகிறேன். அவர் விதைக்கடை விளம்பரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அல்ஜீரியாவில் என்ன நடக்கிறது என்று ரேடியோ ஒன்று சொல்கிறது, ஊர் ஒன்று சொல்கிறது. நீ சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை.

பனி உருகிவிட்டது. திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து முடிந்தது. அப்பா போய், நீயும் படைக்குப் போன பிறகு மேல்தோட்டத்தை நான் தனியாக வெட்டுவது இது இரண்டாவது வருடம். கை காய்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடத்து ப்ளுசார் திராட்சை ஒயின் பீப்பாயில் நாறுகிறது. மூடியைத் திறந்தால் அழுகின முட்டை. நான் என்ன செய்ய? அப்பா இருந்தபோதே உன்னைத்தானே கூப்பிட்டு முகரச் சொல்வார். நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. வேறு பீப்பாய்க்கு மாற்றட்டுமா, பொறுக்கட்டுமா? உடனே எழுது.

வியாபாரி பெர்னொலே வந்திருந்தார். கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா ஒனோரின், இதுக்குப் பேர் சிவப்பு ஒயினா? யாரோ சிவப்பு சாக்ஸ் துவைச்ச தண்ணி மாதிரி இருக்கே!"

"குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

"குடிக்கிறது யாரு இப்போ? எல்லாரும் கண்ணாலதான் வாங்குறாங்க. மொத்தமா என்கிட்ட குடுத்துடு. அல்ஜீரியாக் கறுப்புல கலந்து உருப்படியாக்கிடுறேன்."

தம்பி வந்து சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டேன். வேறு விசேஷம் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பெசான்ஸோன் நகரத்துக்குப் போய் வருகிறேன். கடைகளைப் பார்த்தால் மனசுக்கு மாற்றமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே.

உன் அக்கா,
ஒனோரின்


ஓரான் அருகில்,
29 மார்ச் 1959, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நான் நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. வண்டி ஒன்று பள்ளத்தில் சாய்ந்ததில் தலையில் சின்ன அடி பட்டது. சில நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். இப்போது கட்டுக்கூட இல்லை. ஊரில் யாரிடமும் சொல்லி அதைப் பெரிதாக்காதே. உன் முதுகுவலி எப்படி?

அந்த நாற்றத்துக்குப் பயப்படாதே. ப்ளுசாருக்குக் காற்று போதவில்லை என்றால் அப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒரு செப்புத் துண்டைத் தேய்த்துக் கழுவிக் கோப்பையில் போட்டு ஆட்டு. நாற்றம் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம். பிறகு ஒயினைப் பீப்பாயிலிருந்து மரத்தொட்டியில் உயரத்திலிருந்து விழவிடு. சளசளவென்று விழட்டும். மறுபடி நிரப்பு. கடிதம் கிடைத்ததும் செய்.

இங்கேயும் திராட்சைதான், அக்கா. அடிவானம் வரை நேர்க்கோடாகப் போகிறது. பறிக்கிற மனிதர்கள் அதைக் குடிப்பதில்லை. குடிக்கிற நாங்கள் பறிப்பதில்லை. ஒயின் தொட்டியில் கை விட்டால் கை தெரியாது, அவ்வளவு கறுப்பு. கப்பல் கப்பலாக நம் நாட்டுக்குப் போகிறது. பெர்னொலே சொல்கிற சாயம் இதுதான். அவருக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே.

ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை பெசான்ஸோனில் எந்தக் கடை திறந்திருக்கிறது?

பக்கத்து வீட்டு ஓலாலி அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
தெசிரே


மோந்த்ரோல்,
19 ஏப்ரல் 1959

தம்பிக்கு ஆயிரம் ஆசிகள்.

தலையில் அடி என்று அரை வரியில் எழுதிவிட்டுச் செப்புத் துண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறாய். எங்கே அடி? தையல் போட்டார்களா? வலி இருக்கிறதா? ஒழுங்காக எழுது. என் முதுகு அதன் இடத்தில் இருக்கிறது.

நீ சொன்னபடியே செய்தேன். தொட்டியில் விழவிட்டபோது ஓலாலி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, யார் வீட்டுக் கோழிடி செத்துச்சு?" என்றார். நாலு நாள் கழித்துத் திறந்தேன். நாற்றம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை! ஏதோ பழ வாசனை வந்தது. ராஸ்பெரியா, சிவப்பு கரண்ட் பழமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குத்தான் நீ வேண்டும்.

அடுத்த ஊர் கஸ்பார் விடுமுறையில் வந்திருக்கிறான். திரும்பி உன் முகாமுக்குத்தானே வருகிறான். அவனிடம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று சுவரோரப் பீப்பாய், ஒன்று கதவோரப் பீப்பாய். கழுத்தில் நீல நூல் கட்டியது சுவரோரம். எதை ஜூனில் பாட்டிலில் அடைக்கலாம், எதை வைத்திருக்கலாம் என்று முகர்ந்து பார்த்து எழுது. நீ சொல்கிறபடி செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்குக் கடை திறந்திருக்க வேண்டியதில்லை. பெரிய மனுஷன்!

உன் நலனை வேண்டும்,
அக்கா


ஓரான் அருகில்,
11 மே 1959

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். தையல் பிரித்தாயிற்று. முடி வளர்ந்து மூடிவிட்டது. வலி இல்லை. போதுமா?

கஸ்பார் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, தகரக் குவளையில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டேன்.

நீல நூல் முதலில். மழை நின்றதும் நம் மேல்தோட்டத்துச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து எழும்புமே, அது முன்னால் வந்தது. அதன் பின்னால் சிவப்பு கரண்ட், காம்போடு கசக்கின மாதிரி. கடைசியில், வேலியோரம் வாடி உதிர்கிற ரோஜாவின் இதழ். ஓலாலி அம்மா தேவாலயத்துக்குக் கொண்டுபோகிற புத்தம் புதிய ரோஜா இல்லை, உதிர்ந்து இரண்டு நாள் கிடந்தது. நிலவறையில் அப்பாவின் கோட்டுகூட வந்துபோயிற்று, ஈரக் கம்பளியும் புகையிலையுமாக. மற்றது இன்னும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காட்டு ஸ்ட்ராபெரி. அவ்வளவுதான் சொல்லிற்று.

நீல நூலை ஜூனில் அடை. கதவோரத்தை அடுத்த வசந்தம் வரை விடு. இரண்டும் நல்ல ஒயின், அக்கா. வெளிறியிருக்கிறது என்று எவனாவது சிரித்தால் கோப்பையைப் பிடுங்கிக்கொள்.

உடம்பைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்யாதே.

தெசிரே


மோந்த்ரோல்,
21 ஜூன் 1959

என் அருமைத் தம்பிக்கு,

சுகம்தானே? உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அப்பாவின் கோட்டு என்ற இடத்தில் எழுத்து கலைந்துவிட்டது. ஓலாலி அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பய மூக்கு மூக்கில்லடி, தேவாலய மணி! எவ்ளோ தூரத்துல இருந்து அடிக்குது பாரு," என்றார்.

நீல நூலை அடைத்துவிட்டோம். பெசான்ஸோனிலிருந்து எத்தியென் என்றொருவர் உதவிக்கு வந்திருந்தார். கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. குண்டூசி முனையில் சக்கரம் பொருத்துகிற கை, தக்கை அடிக்கச் சொன்னால் பாதியைக் கோணலாக அடித்து வைத்தது. "இதுல எந்தப் பக்கம் மேல?" என்று தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஊரே இன்னும் சிரிக்கிறது.

கொடி பூத்து முடிந்தது. வெயில் கொளுத்துகிறது. இப்படியே போனால் இந்த வருடம் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிற வருடமாக இருக்கும். ஜனவரியில் படையிலிருந்து விட்டுவிடுவார்கள் என்று முன்பு எழுதியிருந்தாயே, அது உறுதிதானா? சொல். இங்கே சில விஷயங்களுக்கு நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றும் அவசரம் இல்லை. சும்மாதான் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

ஒனோரின்


ஓரான் அருகில்,
26 ஜூலை 1959

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

இங்கே இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டால் நீட்டித்துக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் மார்செய் துறைமுகத்தில் பளு தூக்குகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு. பெர்னொலேவே எடுத்துக்கொண்டாலும் சரி. எனக்காக எதையும் நிறுத்தி வைக்காதே. அந்தத் தக்கைக்காரர் நல்லவராகத் தெரிகிறது.

வேலை இருக்கிறது. நிறுத்துகிறேன்.

தெசிரே


மோந்த்ரோல்,
6 செப்டம்பர் 1959

தெசிரே,

நீ நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் ஜூலைக் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே என்று சொன்னவன் தோட்டத்தையே கொடு என்கிறாய். என்னவோ கோபம், யாரோ பெண், யாரோ செத்துப்போன நண்பன் என்று என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன்.

இன்று அர்புவாவில் முதல் குலைத் திருவிழா. மனுஷன் உயரத்துக்குக் கட்டிய அந்தப் பெரிய திராட்சைக் குலையை நாலு பேர் தோளில் தூக்கிப்போய்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். கூட்டத்தில் கஸ்பார் நின்றிருந்தான். அவனுக்குப் படைச் சேவை முடிந்து போன வாரம்தான் வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். நான் விடவில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாசேஜ் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, அவன் தொடவே இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஏப்ரல்ல நீ குடுத்த பாட்டில்... கப்பல்ல ஒரே அலை. பசங்க எல்லாம் வாந்தி. யாரோ பையில பாட்டிலப் பாத்துட்டானுங்க. ரெண்டையும் திறந்துட்டோம்."

"குடிச்சிட்டீங்களா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும். நல்லா இருந்துச்சுக்கா."

"அப்போ அவன் குடிச்சது என்னடா?"

"வெறுங்கையோட போனா கொன்னுடுவான்னு, கேன்டீன் கறுப்பை ஊத்தித் தண்ணி கலந்தேன். நம்ம ஊர் நிறம் வர்ற வரைக்கும் கலந்தேன். ஒண்ணுல கொஞ்சம் கம்மி, ஒண்ணுல கொஞ்சம் ஜாஸ்தி. நூலைக்கூட மறுபடி கட்டினேன். முதல் வாய்லயே துப்பிட்டுத் துரத்துவான், சிரிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"துரத்தலையா?"

"கண்ணை மூடிக்கிட்டான். அப்புறம், 'வீட்டு வாசம்டா'ன்னான். எனக்குச் சிரிப்பு வரலக்கா. நான் சொல்லவும் இல்ல."

அவன் போன பிறகு உன் மே மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கல், கரண்ட், ரோஜா, அப்பாவின் கோட்டு.

சமையலறைக்குள் கால் வைக்கும்போதே சூப்பில் ஒரு இலை கூடிவிட்டது என்று சொல்கிறவன் நீ. தண்ணீர் கலந்த கேன்டீன் ஒயினில் உனக்கு அப்பாவின் கோட்டு எப்படி வந்தது?

எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்.

அக்கா


மோந்த்ரோல்,
11 அக்டோபர் 1959

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. உயிரோடும் உடம்போடும் இருக்கிறாய் என்று படை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அதுவே போதும். இனி நான் எதையும் கேட்கப்போவதில்லை. அறுவடைக் கதையை மட்டும் சொல்கிறேன், படித்துக்கொள்.

இப்படி ஒரு வருடம் நான் பார்த்ததில்லை. ப்ளுசாரின் தோல் எவ்வளவு மெல்லிசு என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் அழுத்தினாலே வெடித்துவிடும். இந்த முறை ஒரு அழுகல் இல்லை. பறிக்க வந்தவர்கள் கூடையில் போட்டதைவிட வாயில் போட்டது அதிகம். காம்பு நீக்கும் சல்லடையில் ஓலாலி அம்மா நாள் முழுக்கக் கையால் தேய்த்தார். முழங்கை வரை ஒரே தேன். பாதித் தேனீக்கள் அவர் மேல்தான்.

பழம் தொட்டியில் நுரைத்துப் புளிக்க ஆரம்பித்தது. எப்போது பிழிவது? பெர்னொலே எட்டிப் பார்த்தார். "தோலோட இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்மா. கொஞ்சமாவது நிறம் வரும். இந்த வருஷமும் விட்டுட்டா எப்பவும் கிடைக்காது." அப்பா இல்லை, நீ இல்லை. தொட்டியின் விளிம்பில் குனிந்தேன். முதலில் என் பயம்தான் மூக்கில் ஏறிற்று. பிறகு மெதுவாக, அடியில், ரோஜா மாதிரி ஒன்று வந்தது. மறுநாள் குனிந்தபோது அதன் மேல் தேயிலைக் கசப்பு லேசாகப் படியத் தொடங்கியிருந்தது. இன்னும் விட்டால் ரோஜா போய்விடும் என்று தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கே பிழியச் சொல்லிவிட்டேன். நிறம் வந்ததா என்றால், வரவில்லை. கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் படிக்கலாம்.

இன்னொன்று. நீ சொல்லாததற்கு உன்னைத் திட்டுகிறேன், நானும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். எத்தியென் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். ஏப்ரலிலேயே சம்மதம் சொல்லிவிட்டேன். நீ ஜனவரியில் வந்ததும் தோட்டத்தை உன்னிடம் விட்டுவிட்டு பெசான்ஸோனுக்குப் போவதாகத் திட்டம். அதனால்தான் நாள் குறிக்கிறேன் என்று எழுதினேன். உனக்குத் தெரிந்தால் என் பொருட்டு அங்கே தவிப்பாயோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

ஒனோரின்


ஓரான் அருகில்,
15 நவம்பர் 1959

அன்புள்ள அக்கா,

காலுறை வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. இது பொய் இல்லை. மற்றதைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் வண்டி கவிழ்ந்தபோது பின்மண்டை பாறையில் மோதியது. கண் விழித்ததும் காபி கொடுத்தார்கள். ஏதோ கசப்பான வெந்நீர் என்று நினைத்துக் குடித்தேன். கூட இருந்தவன் ஆரஞ்சு உரித்தான், அவன் கை அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மருத்துவர் ஒரு சீசாவை மூக்கடியில் பிடித்து, "என்ன இது?" என்றார். "தண்ணி," என்றேன். அது அம்மோனியா. கண்ணில் நீர் கொட்டுகிறது, ஆனால் வாசனை இல்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டதாம். "வருஷம் ஒண்ணு ஆகட்டும், சில பேருக்குத் திரும்பும்," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நாக்கு இருக்கிறது. உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு தெரியும். மற்றபடி ரொட்டி துணி மாதிரி, இறைச்சி ஈரத்துணி மாதிரி.

கோடையில் ஒரு மலைக் கிராமத்துக்கு எங்களை அனுப்பினார்கள். முந்தின நாள் எரிந்துபோன ஊர். யார் எரித்தது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கைக்குட்டையால் முகத்தை மூடினார்கள். ஒருவன் வாந்தி எடுத்தான். நான் மட்டும் சும்மா நின்றேன். ஒரு கிழவர் என்னையே பார்த்தார். இவன் எப்படிப்பட்டவன் என்று அந்தப் பார்வை கேட்டது. அவருக்கு எப்படிச் சொல்வேன்? அன்றிலிருந்து பையன்கள் என்னை 'இரும்பு மூக்கு' என்கிறார்கள். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாரம்தான் உனக்கு ஜூலைக் கடிதம் எழுதினேன்.

உன் பாட்டில் விஷயம். வாசனை வராது என்று தெரிந்தேதான் குவளையைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தபோது எல்லாம் வந்தது, அக்கா. கல்லும் கரண்டும் அப்பாவும் எழுத எழுத வந்தார்கள். உன்னை ஏமாற்ற எழுதவில்லை. இன்னும் ஒரு தடவை அந்த நிலவறையில் நிற்க ஆசையாக இருந்தது.

ஆனால் என் பேச்சை நம்பி நீ பீப்பாயை அடைத்தாய். அது நல்லதாக இருந்தது உன் அதிர்ஷ்டம். அடுத்த முறை அப்படி இருக்காது. மூக்கு இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? நீ பெசான்ஸோனுக்குப் போ. எத்தியெனுக்கு என் வாழ்த்து. நான் மார்செய்யோடு நின்றுவிடுகிறேன்.

இதற்குமேல் எழுத வரவில்லை.

உன் தம்பி


மோந்த்ரோல்,
6 டிசம்பர் 1959

என் கண்ணான தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதைத் தவிர இன்று எனக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

அழுதேன். அதை எழுதி முடித்துவிடுகிறேன். ரொட்டி துணி மாதிரி என்ற இடத்தில் அழுதேன். அந்தக் கிழவரிடத்தில் மறுபடி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எத்தியெனிடம் எடுத்துப் போனேன். முழுக்கப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"அவனால மண்ணு கொத்த முடியுமா?"

"முடியும்."

"கொடி வெட்ட?"

"அவன மாதிரி வெட்ட அந்தச் சரிவுல ஆளே இல்ல."

"பீப்பாய் உருட்ட, பிழிய, விக்க?"

"எல்லாம் முடியும். முகர முடியாது. அதுதானே இதுல எல்லாம்! கடிகாரக்காரருக்கு என்ன புரியும்?"

"எனக்குப் புரியாதுதான். ஆனா இந்த வருஷம் முகர்ந்தது யாரு?"

கோபித்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். அர்புவா வருவதற்குள் கோபம் போய்விட்டது. இந்த வருடம் முகர்ந்தது நான்தானே.

தெசிரே, தெளிவாகச் சொல்கிறேன். உன் மூக்குக்காக நான் எத்தியெனை விடப்போவதில்லை. எத்தியெனுக்காகத் தோட்டத்தைப் பெர்னொலேவிடம் தள்ளிவிடப்போவதும் இல்லை. பிப்ரவரி கடைசியில் கல்யாணம். அப்பா இல்லாத இடத்தில் என் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப்போக ஒருவன் வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மேல்தோட்டத்தில் கவாத்து. கவாத்துக்கு மூக்கு வேண்டாம். பெசான்ஸோன் ஒன்றும் சீனா இல்லை. சனிக்கிழமை ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பேன். பீப்பாய்களோடு நான் பேசிக்கொள்கிறேன்.

நீ மண்ணைப் பார், நான் வாசனையைப் பார்க்கிறேன் என்று இதைச் சுலபமான கணக்காக எழுதிவிட்டேன். சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நிலவறைப் படியில் கால் வைக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இல்லை. இருந்தாலும் வா. மார்செய்யில் உன்னை யாருக்குத் தெரியும்?

அக்கா


மோந்த்ரோல்,
24 ஏப்ரல் 1960

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் இருவரும் நலம்தானே? அத்தான் வீட்டு மாடிப்படி உன் முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா? நீ ஈஸ்டருக்கு வந்துபோன மறுநாளிலிருந்து நடந்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் ஓலாலி அம்மா தன் பங்குக்கு உப்பு மிளகு போட்டு உனக்குச் சொல்லிவிடுவார்.

திங்கட்கிழமை பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறையில் பூட்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கதவு படாரென்று திறந்தது. ஓலாலி அம்மா கையில் வாளித் தண்ணீரோடு.

"ஏண்டா பாவி! வீடு பத்திக்கிட்டு எரியுது, நீ உக்காந்து ஆணி அடிக்கிறியா?"

சமையலறை முழுக்கப் புகை. பாத்திரம் கரியாகியிருந்தது. தண்ணீரை அடுப்பில் பாதி, என் மேல் பாதி ஊற்றினார்.

"தெரு முனை வரைக்கும் தீயற நாத்தம் அடிக்குது. உனக்கு மூக்கு அடைச்சிருக்கா?"

சளி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் சளி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை. "அடைக்கல. செத்துப்போச்சு. ஒரு வருஷமாச்சு," என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். அருகில் வந்து என் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார், சின்ன வயதில் செய்வாரே அப்படி. பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் நான் நிலவறையில் இருந்தபோது கஸ்பார் வந்தான். முகம் செத்துக் கிடந்தது. அவன் பின்னால் மேட்டுத்தெரு அண்ணன் தம்பிகள், அவர்களுக்குப் பின்னால் தேவாலய மணியடிப்பவர், அவர் மச்சான், எல்லோருக்கும் பின்னால் ஓலாலி அம்மா. எல்லோர் கையிலும் அவரவர் கோப்பை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். நீ பிழிந்த ஐம்பத்தொன்பதாம் வருடத்து ஒயினைத் திறந்து ஊற்றினேன்.

"ராஸ்பெரி," என்றான் கஸ்பார்.

"ராஸ்பெரியா? இது செர்ரிடா. கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்," என்றார் மணியடிப்பவர்.

"கண்ணை மூடினா நீ தூங்கிடுவ. இது ரோஜா," என்றார் மச்சான்.

"ரோஜாவாம்! இந்த ஆளு பொண்டாட்டிக்கு ஒரு ரோஜா வாங்கிக் குடுத்ததில்ல, இவருக்கு ரோஜா வாசம் தெரியுமாம்!" என்றார் ஓலாலி அம்மா.

அண்ணன் தம்பிகள் இருவரும் ஒரே கோப்பையை மாற்றி மாற்றி முகர்ந்து, ஒருவன் பாதாம் என்கிறான், ஒருவன் பூனை என்கிறான். கூச்சல் தாங்கவில்லை. கடைசியில் பழக்க தோஷத்தில் மணியடிப்பவர் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுடா தெசிரே, எது சரி?" என்று கேட்டுவிட்டார்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கஸ்பார் தரையைப் பார்த்தான்.

நான் ஒரு வாய் குடித்தேன். குளிர்ச்சி, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு புளிப்பு, பட்டு மாதிரி நழுவி இறங்கிற்று. அதற்குமேல் ஒன்றும் இல்லை. எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அக்கா. அவர்கள் நம்பியிருப்பார்கள்.

"எனக்குத் தெரியல," என்றேன்.

அந்த நிலவறையில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு ஓலாலி அம்மா தன் கோப்பையை நீட்டி, "ஊத்துடா," என்றார். "எங்களுக்கும்தான் தெரியாது. முப்பது வருஷமா உங்கப்பன் முன்னாடி சும்மா தலையாட்டிக்கிட்டு இருந்தோம்."

மணியடிப்பவர் சிரித்த சிரிப்பில் ஒயின் மூக்கு வழியாக வந்துவிட்டது. கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது தினமும் யாராவது வருகிறார்கள். உதவிக்கா, ஓசிக் குடிக்கா என்று கேட்காதே. பெர்னொலேவும் வந்தார். நிறத்தைப் பார்த்து வாயைத் திறக்கப் போனவரிடம் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டேன். அடுத்த முறை முதலில் குடித்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கதவோரப் பீப்பாயை அடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆறு பேரும் ஆறு விதமாகச் சொல்கிறார்கள். யாரையும் நான் நம்பவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் வா. அத்தானையும் கூட்டிவா, தக்கையை நான் அடித்துக்கொள்கிறேன். நீ குனிந்து முகரும்போது விளக்கைப் பிடிக்க ஆள் இருக்கிறது.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
தெசிரே